இல்லை என்று சொல்லாத கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில் அதியமான்கோட்டைப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு மாம்பழக் கூழ் ஆலை இருந்தது. அங்கே எனக்கு வேலை கிடைத்தது ஒரே ஒரு கேள்வியால்தான்.

“கம்ப்யூட்டர்னா உனக்குப் பயமா பாப்பா?” என்று முதலாளி கேட்டார்.

“பயம் இல்லைங்க” என்றேன்.

அவர் முகம் லேசாகச் சுளித்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. “எங்களுக்கெல்லாம் பயமா இருக்குது. நாளைக்கே வந்துரு” என்றார்.

நான் கணிதம் படித்தவள். பட்டம் வாங்கிய பிறகு சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பேசிக் என்னும் நிரல்மொழி கற்றிருந்தேன். சென்டரில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். மாணவர்கள் ஒரு கூட்டம். அதனால் நான் கற்றதில் பெரும்பகுதி கோடு போட்ட தாளில் எழுதி, ஆசிரியர் “ஓடும்” என்று கையெழுத்துப் போட்ட நிரல்கள். அப்பா கடத்தூர்ப் பக்கம் விவசாயி. எனக்கு வேலை கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டு, “எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்குது” என்று எல்லாரிடமும் சொன்னார். பாதிப் பேர் அது ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதலாளி அதற்கு முன் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். மண்டிக்காரர்கள் பலரிடம் உள்ள பழக்கம் அவரிடமும் இருந்தது: ‘இல்லை’ என்ற சொல்லை வியாபாரம் நடக்கும் இடத்தில் சொல்லக் கூடாது. மற்றவர்கள் அந்தச் சாத்திரத்தை விளக்கேற்றும் நேரத்தில் மட்டும் பார்ப்பார்கள். இவர் நாள் முழுக்கப் பார்ப்பார். ஆலையில் வேலை செய்தவர்கள் எல்லாரும் அதற்கென்று ஒரு பாஷையே பழகியிருந்தார்கள்.

“லாரி வந்துருச்சா?”

“வரப்போவுதுங்க.”

“டீசல் இருக்குதா?”

“வாங்கணும்ங்க.”

“ஃபிட்டர் எங்கய்யா?”

“வூட்டுல நல்லா இருக்காருங்க.”

ஃபிட்டர் வேலைக்கு வரவில்லை என்று அதற்குப் பொருள். ஒரு வாரத்துக்குள் எனக்கும் இந்தப் பாஷை வந்துவிட்டது. அது வராமல் மிச்சம் இருந்த ஒரே ஆள் கம்ப்யூட்டர்தான்.

கம்ப்யூட்டரை அவர் ஆசைப்பட்டு வாங்கவில்லை. வெளிநாட்டில் கூழ் வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு அண்டாக் கூழும் எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் காய்ந்தது என்று பதிவு வேண்டும். கேட்கும்போது காட்ட வேண்டும். நோட்டில் எழுதி வைத்தால் போதாதா என்று முதலாளி கேட்டார். எழுதலாம், ஆனால் மாம்பழக் காலத்தில் ஆலைக்குள் எந்த நோட்டும் மூன்றாம் நாள் திறக்க வராது. எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரே பலகையாகிவிடும். அதனால்தான் கம்ப்யூட்டர்.

பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து இயந்திரத்தைப் பூட்டி, நிரலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை எளிது. காய்ச்சும் கூடத்தின் சூப்பர்வைசர் அண்டாவில் இருக்கும் வெப்பமானியைப் பார்த்து, சுவரில் வெட்டிய சன்னல் வழியாக எனக்குக் கத்துவார். நான் தட்டுவேன். அவர் பெரிய உருவம். இடுப்பில் கட்டிய துணி ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “கம்ப்யூட்டரு!” என்றுதான் கூப்பிடுவார். இயந்திரத்தைக் கூப்பிடுகிறாரா என்னையா என்பது அவருக்கே தெளிவாக இருந்ததா என்று தெரியாது.

தட்டிய பதிவு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை நிரல் காலையிலேயே கேட்டுக்கொள்ளும். மூன்று வழி. திரையில் மட்டும் காட்டலாம். காகிதத்தில் அச்சடிக்கலாம். அல்லது ஃப்ளாப்பியில் ஒரு ஃபைலாக எழுதி வைக்கலாம். எந்த நாள் எந்த வழி என்பதை ஓர் எழுத்தாகவும், ஃபைல் இருந்தால் அதன் பெயரையும் நிரல் தன் சொந்த ஃப்ளாப்பியில் குறித்துக்கொள்ளும்.

எப்போதும் ஃப்ளாப்பியில் எழுதினால் தொல்லையே வந்திருக்காது. ஆனால் ஃப்ளாப்பி பெங்களூரில்தான் வாங்க வேண்டும். முதல் பெட்டியை நான் மேசையில் வைத்திருந்தேன். எறும்பு உறைக்குள் புகுந்து குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. மாம்பழக் கை பட்ட வாசனை போலிருக்கிறது. அதைப் பார்த்த முதலாளி புதிய பெட்டியை இரும்பு அலமாரியில், லட்சுமி படத்துக்குக் கீழே வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில். அவர் கிருஷ்ணகிரிக்கோ சந்தைக்கோ போனால் சாவியும் போய்விடும். அந்த நாட்களில் காகிதம். பிரிண்டரின் ரிப்பன் காய்ந்து போனால் திரை மட்டும். ஆக, சில நாளுக்கு ஃபைல் உண்டு, சில நாளுக்கு ஃபைல் கிடையாது. இதில் தப்பொன்றும் இல்லை. தப்பு வேறொரு இடத்தில் இருந்தது.

நிரலின் பட்டியலில் கடைசியாக ஒரு வேலை உண்டு. தேதியைக் கொடுத்தால் அந்த நாளின் பதிவு எந்த ஃபைலில் இருக்கிறது என்று பெயரைச் சொல்லும். முதலாளிக்கு அது மிகவும் பிடிக்கும். காரணம், ஒவ்வொரு ஃபைலின் பெயரும் அவருடைய குலதெய்வத்தின் பெயரில் தொடங்க வேண்டும் என்று இன்ஜினியரிடம் கேட்டு வாங்கியிருந்தார். யார் வந்தாலும் என் அறைக்கு அழைத்து வந்து, “பாப்பா, ஃபைல் எங்க இருக்குதுன்னு கேளு” என்பார். பச்சை எழுத்தில் சாமி பெயர் வரும். வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

ஒரு நாள் பழ வியாபாரிகள் சிலரை அழைத்து வந்தார். முந்தின நாள் அவர் ஊரில் இருக்கவில்லை. பதிவு காகிதத்தில்தான் போயிருந்தது. “நேத்து நடந்ததக் கேளு” என்றார். நான் தேதியைத் தட்டினேன்.

நிரல் எந்தச் சந்தேகமும் படவில்லை. பெயர் இருக்கும் என்று நம்பி, வெறுமையாக இருந்த இடத்தில் கைவிட்டு, இல்லாத ஃபைலைத் திறக்கப் போய் அப்படியே நின்றுவிட்டது. திரையில் இரண்டு வரி வந்தது. மேலே ‘பேட் ஃபைல் நேம்’. கீழே ‘ஓகே’. அந்தக் காலத்துப் பேசிக் அப்படித்தான். எந்த விபத்து நடந்தாலும் முடிவில் ஓகே என்று போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்.

வியாபாரிகளில் ஒருவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். “பேர் கெட்ட பேருங்குது” என்று மொழிபெயர்த்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “யாரு பேரு?” என்றார் மெதுவாக.

“சாமி பேரு இல்லைங்க…” என்று ஆரம்பித்து, பாதியில் இன்னொரு குற்றம் செய்துவிட்டேன் என்று உணர்ந்து வாயை மூடிக்கொண்டேன். சன்னல் வழியே எட்டிப் பார்த்த சூப்பர்வைசர் மட்டும், “கீழ ஓகேன்னு போட்டுருக்குதுங்களே, வுடுங்க” என்று சமாதானம் சொன்னார்.

அன்று மாலை கம்ப்யூட்டருக்குத் தேங்காய் சுற்றி வாசலில் உடைத்தார்கள். அதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. நின்றுபோன நிரலை மறுபடி ஓட்டியதும், அன்று காலையிலிருந்து எத்தனை அண்டா, எத்தனை டின் என்று அது நினைவில் கூட்டி வைத்திருந்த கணக்கெல்லாம் துடைத்தாற்போலப் போயிற்று. சூப்பர்வைசரைச் சன்னலுக்கு அழைத்து எல்லாவற்றையும் மறுபடி கத்தச் சொன்னேன். அவர் தொண்டை கட்டிக்கொண்டது.

பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டேன். இன்ஜினியர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஃபைல் இல்லாத நாளுக்கு அதைக் கேள்பேடிம்மா” என்றார். கேட்காதே என்கிறார்.

“ஃபைல் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தானே சார் கேக்கறோம்?”

“தெரிஞ்சா கேளு. தெரியாட்டி கேள்பேடி” என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் முதல் முறையாக அவர் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். தாளில் எழுதிப் பழகியவளுக்கு மற்றவர் எழுதியதைப் படிப்பது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. ஃபைலைத் திறக்கும் வரிக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: பெயர் வெறுமையாக இருந்தால் திறக்கப் போகாதே, ‘நோ ஃபைல்’ என்று போட்டுவிட்டுத் திரும்பி வா. காகித நாள் ஒன்றின் தேதியைக் கொடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. ‘நோ ஃபைல்’ என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் காத்திருந்தது. அந்த மாலை பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே கடத்தூர் வரை வந்தேன், கால் வலித்ததே தெரியவில்லை.

மறுநாள் காலை முதலாளி ஊதுவத்தியோடு வந்தார். இயந்திரத்துக்குக் காட்டிவிட்டு, “கேளு” என்றார். கேட்டேன்.

“இதென்னா பாப்பா?”

“அந்த நாளுக்கு ஃபைல் கெடையாதுங்க. அதான் சொல்லுது.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? நோ-ன்னு போட்டுருக்குது. காலங்காத்தால, ஊதுவத்தி காட்டுன கையோட, நோ-ங்குது.”

“இங்கிலீஷ்லதாங்க சொல்லுது.”

“எந்த பாஷைல சொன்னாலும் அதான் பாப்பா.”

எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஃபைல் இருந்தால் பெயர் வரும். கிடையாது என்றால் ஒன்றும் வராது, வெற்று வரி ஒன்று விட்டுவிட்டு நிரல் சும்மா இருக்கும் என்று மாற்றி வைத்தேன். இதில் யாருக்கும் மனக்கசப்பு வராது என்று நினைத்தேன்.

சூப்பர்வைசர் இருப்பதை நினைக்கவில்லை. ஒரு மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தபோது அவருக்கு முந்தைய நாள் பதிவு ஒன்று வேண்டியிருந்தது. நான் கேட்பதைப் பார்த்துப் பார்த்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவருக்கும் தெரியும். கேட்டார். அது காகித நாள். திரையில் ஒன்றும் வரவில்லை. யோசிக்கிறது என்று நினைத்து அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என் அறையில் மட்டும்தான் ஏ.சி. இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் திரும்பி வந்தபோது அவர் கைகளைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

“என்னாங்கண்ணா?”

“ஸ்ஸ்… பதில் வரப்போவுது.”

“அது பதில் சொல்லிருச்சுங்கண்ணா.”

“எப்ப? நான் இங்கயேதான இருக்கறன்?”

“ஒண்ணும் வரலைன்னா, ஃபைல் கெடையாதுன்னு அர்த்தங்க.”

“ஒண்ணும் வரலைன்னா ஒண்ணும் வரலைன்னுதானங்க அர்த்தம்” என்றார் அவர். சரியாகத்தான் சொன்னார். அதற்குள் கூடத்திலிருந்து ஒரு நாற்றம் வந்தது. இருவரும் ஓடினோம். அண்டாவில் கூழ் அடிப்பிடித்து வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருந்தது. கிளறுகிறவர்கள் சூப்பர்வைசர் சொல்லாமல் அண்டாவுக்கு வரும் நீராவிக் குழாயை எப்படி மூடுவது என்று சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி அண்டாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: “பாப்பா, ஒரு ஆள் ஒண்ணக் கேட்டா, எதுனா ஒண்ணு சொல்லிடணும். சும்மா இருந்தா இப்பிடித்தான் ஆவும். ஃபைல் இருக்குதோ என்னமோ, நீ சாமி பேரையும் தேதியையும் சேத்துப் போட்டு வுட்டுடு. பாக்கறவங்களுக்குத் திருப்தியா இருக்கும்.”

“அந்தப் பேர்ல ஃபைலே இருக்காதுங்களே, யாராவது தேடுனா?”

“யாரு தேடப்போறாங்க? நாமதான பாக்கறோம்.”

நான் இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அவர் அடிப்பிடித்த அண்டாவைக் கையால் காட்டினார். அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை. மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தத் தேதியைக் கேட்டாலும் பச்சை எழுத்தில் ஒரு பெயர் வந்தது. முதலாளி மகிழ்ந்தார். வியாபாரிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சூப்பர்வைசர், “இப்பத்தான் கம்ப்யூட்டருக்குப் புத்தி வந்துருக்குது” என்றார். நான் மட்டும் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் திரையை விட்டுச் சன்னலைப் பார்த்தேன்.

பழக்காலம் முடியும் தறுவாயில், கூழ் வாங்குகிறவர்கள் சார்பில் மெட்ராஸிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். டை கட்டியிருந்தார். ஆலை வாசலுக்கு வருவதற்குள் அந்த டையின் நுனியை ஈ மொய்த்துவிட்டது. எங்கேயோ பழத்தில் தோய்ந்திருக்க வேண்டும். கப்பலுக்குப் போக வேண்டிய டின்கள் கிடங்கில் கூரைவரை அடுக்கியிருந்தன. அவர் கையெழுத்துப் போட்டால்தான் லாரியில் ஏறும்.

முதலாளி இளநீர் கொடுத்து நேரே என் அறைக்கு அழைத்து வந்தார். “எல்லாம் கம்ப்யூட்டருங்க. எந்தத் தேதின்னு கேளுங்க, எங்க இருக்குதுன்னு சொல்லும்.”

ஆய்வாளர் ஒரு தேதி சொன்னார். தட்டினேன். பெயர் வந்தது. முதலாளி அலமாரியைத் திறந்து ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தார். ஃபைல் இருந்தது. ஆய்வாளர் தலையாட்டினார். இன்னொரு தேதி சொன்னார்.

அது காகித நாள் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. தட்டினேன். சாமி பெயரோடு தேதி வந்தது. ஃப்ளாப்பியைப் போட்டேன். ஃபைல் இல்லை. அடுத்த ஃப்ளாப்பி. அதிலும் இல்லை. முதலாளி பெட்டியையே எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் இயந்திரம் கரகரவென்று அரைத்துவிட்டு ஒன்றும் காட்டாது. ஆய்வாளர் டையைத் தளர்த்தினார்.

“அழிச்சுட்டீங்களா?” என்றார்.

“ஐயோ, சாமி பேர்ல இருக்கறத யாருங்க அழிப்பாங்க?” என்றார் முதலாளி.

“அப்ப எங்கே?”

“வரும்ங்க.”

“வரும்னா? எங்கிருந்து வரும்?” ஆய்வாளர் குரல் உயர்ந்தது. “பாருங்க, ரெக்கார்ட் எழுதாம விட்ட ஃபேக்டரி நான் பார்த்திருக்கேன். அதுக்கு ஒரு வழி இருக்கு. ஆனா இருக்குன்னு சொல்ற இடத்துல இல்லைன்னா, முதல்ல காட்டினீங்களே, அதையும் நான் எப்படி நம்பறது?”

முதலாளியின் முகம் வெளுத்தது. கிடங்கில் அந்த வருடத்து உழைப்பு முழுவதும் அடுக்கியிருக்கிறது. சூப்பர்வைசர் சன்னலில் நின்று வெப்பமானியைப் பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“சார், அந்த நாள் பதிவு இருக்குங்க. காகிதத்துல இருக்கு. கூடத்துல ஆணியில குத்தி வெச்சிருக்கோம். கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லத் தெரியல. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, சொல்ல வெச்சுடறேன்.”

முதலாளி என்னைத் தடுக்கவில்லை. ஆய்வாளரை அழைத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது திரும்பி, “பாப்பா, அந்த ஒரு சொல்லு மட்டும் வேண்டாம்” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது ஒருவிதத்தில் உதவியாகவே இருந்தது. ‘நோ’ என்று போடக் கூடாது. சும்மாவும் இருக்கக் கூடாது. பொய்ப் பெயரும் கூடாது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது நடந்ததைச் சொல்வதுதான். முதலில் பெயர் இருக்கிறதா என்று பார். இருந்தால் பெயரைச் சொல். இல்லாவிட்டால் அந்த நாளுக்குக் குறித்து வைத்திருக்கும் எழுத்தைப் பார்த்து, பதிவு எந்த வழியில் போனது என்று சொல். காகிதம் என்றால் ‘பேப்பர்’. திரை என்றால் ‘ஸ்கிரீன்’. பொய்ப் பெயர் கட்டும் வரியை அழித்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கே அவமானமாக இருந்தது.

ஆய்வாளர் திரும்பி வந்து அதே தேதியைக் கேட்டார். ‘பேப்பர்’ என்று வந்தது. சூப்பர்வைசர் தாள் குத்திய ஆணியைக் கூடத்திலிருந்து கட்டையோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். தாள்களின் விளிம்பெல்லாம் மஞ்சள். அந்தத் தேதித் தாள் நடுவில் ஓட்டையோடு இருந்தது. ஆய்வாளர் வாசித்தார், தன் குறிப்பேட்டில் டிக் போட்டார். இன்னொரு தேதி, ஃபைல் பெயர் வந்தது, ஃபைல் இருந்தது. இன்னொன்று, பேப்பர், தாள் இருந்தது. முதலாளி மெல்ல மூச்சுவிடத் தொடங்கினார்.

பிறகு ஒரு தேதிக்கு ‘ஸ்கிரீன்’ என்று வந்தது.

“ஸ்கிரீன்னா?” என்றார் ஆய்வாளர்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முன்னால் வந்தார். “பாத்தோங்க” என்றார்.

“பார்த்தீங்க. சரி. அந்த ரெக்கார்ட் எங்கே?”

“நல்லாப் பாத்தோங்க. சூப்பர்வைசர் பாத்தாரு, பாப்பா பாத்துச்சு.”

“எழுதி வச்சீங்களா?”

“கண்ணாலயே பாத்தோங்களே.”

“ரெக்கார்ட் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“அன்னிக்கு இருந்துச்சுங்க.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு வேற நாளுங்களே.”

ஆய்வாளர் முதலாளியை உற்றுப் பார்த்தார். அவருக்கு அந்தச் சொல்லை முதலாளி வாயிலிருந்து வரவழைத்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. சுற்றிச் சுற்றிக் கேட்டார். முதலாளி ஒவ்வொன்றுக்கும் பணிவாக, உண்மையாக, அந்தச் சொல்லைத் தொடாமல் பதில் சொன்னார். சூப்பர்வைசர் சன்னலில் தலையைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். கடைசியில் ஆய்வாளர் என் பக்கம் திரும்பி, “நீயாவது சொல்லும்மா” என்றார்.

“அந்த நாள் பதிவு திரையில வந்துச்சு, அதோட போயிருச்சுங்க சார். எங்கயும் தங்கல” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. “இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?” என்றவர் பேனாவைத் திறந்தார். “முதல்ல இந்தப் பொட்டி எல்லாத்துக்கும் பேர் சொல்லிச்சு, ஒண்ணையும் நம்ப முடியல. இப்ப தன்கிட்ட வைக்காததை வைக்காததுன்னே சொல்லுது. அதனால மத்ததை நம்பறேன்.” ஃபைலும் தாளும் இருந்த நாட்களின் டின்களுக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டார். திரை நாட்களின் டின்களை மட்டும் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். அவை கப்பலுக்குப் போகாது.

அவர் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். இரும்பு அலமாரிச் சாவியைத் தன் இடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். “வெச்சுக்க. எறும்பு வராம பாத்துக்க” என்றார். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அந்த ஆலையில் கிடைத்ததே கிடையாது. இன்ஜினியர் அடுத்த முறை வந்தபோது நிரலைப் பார்த்துவிட்டு யார் மாற்றியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அந்த வரிகளைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

தனியே எடுத்து வைத்த டின்கள் கிடங்கின் மூலையில் மாதக்கணக்கில் நின்றன. விற்கவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை. முதலாளி அவற்றைக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தார். பொங்கலுக்குத் தொழிலாளர்களுக்கு, சித்தேரி மலையில் அவருக்குத் தெரிந்த குடும்பங்களுக்கு, ஊரில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும். அந்த வருடம் தருமபுரிப் பக்கம் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையில் மஞ்சளாக ஏதோ ஒன்று விழுந்தது. எனக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெரிய டின் கிடைத்தது. அதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நடத்துனர் அதற்கும் டிக்கெட் கேட்டார்.

வீட்டில் டின் திறக்கும் கருவி கிடையாது. அப்பா கொல்லைக்குக் கொண்டுபோய் கொடுவாளால் ஒரு போடு போட்டார்; கூழ் சட்டை முழுக்கத் தெறித்தது. மிச்சத்தை அம்மா வழித்தெடுத்து ரவையோடு கிளறி கேசரி செய்தார். நானும் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தேன். சரியான சூட்டில், சரியான நேரம் காய்ச்சிய கூழ்தான் அது.

“ஏம்மா, இவ்வளவு நல்லாருக்குதே, இதை ஏன் அனுப்பாம வுட்டாங்க?” என்று அம்மா கேட்டார்.

நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ஃப்ளாப்பி, எறும்பு, ஆணி, ஆய்வாளர் என்று ஒவ்வொன்றாக வந்தேன். பாதியிலேயே அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அப்பா மட்டும் சட்டையில் ஒட்டியிருந்த கூழை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே கடைசிவரை கேட்டார்.